நாற்பத்தொன்றாம் பக்கம்

...இல்லை, இது பொய், சுத்தப் பொய் என்றுதான் மாதேஸ்வரிக்கு முதலில் தோன்றியது, மடியில் கிடந்த கல்லூரி மலரின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மறுபடி மேலேயிருந்து படித்தாள், கம்பெனி பஸ் ஊத்தங்கரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது, போச்சம்பள்ளி போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது, ஏழரைக்குத்தான் ஷூ தைக்கிற லைனில் உட்கார வேண்டும். மகள் கவிப்ரியா கிருஷ்ணகிரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம், மலரில் அவள் எழுதியது வந்திருப்பதை வீட்டில் மூச்சுவிடவில்லை, காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போது அவள் பையிலிருந்து துருத்திக்கொண்டு தெரிந்தது, புரட்டினால் கோ. கவிப்ரியா என்று அச்சில், வேறு யாரோ பெற்ற பெண்ணின் பெயர் மாதிரி... கேட்காமலேயே எடுத்து வந்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் மகள் எழுதியிருப்பது: ஒன்பது வயதில் நான் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை அம்மா என் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டாள், பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன, நான் அழவில்லை, அம்மாவுக்கு எழுத்தின் மேல் என்ன பகை என்று மட்டும் யோசித்தேன்... இப்படிப் போகிறது. பகையா, எனக்கா, இரண்டு வருடமாக இதே பஸ்ஸில் இதே ஜன்னலோரத்தில் நான் படிப்பதெல்லாம் இவளுக்குத் தெரியுமா, லைனில் பக்கத்து மிஷினில் இருக்கும் ஜெயப்ரியா கொடுக்கிற வாரப் பத்திரிகை, தொடர்கதை, போன மாதம் முந்நூறு பக்க நாவல் ஒன்று, கடைசி அத்தியாயத்தில் கண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதென்று சொன்னது... எட்டாவதோடு நின்றவள் எழுத்துக்கூட்டி, எழுத்துக்கூட்டி, இப்போது விரல் வைக்காமல் படிக்கிறேனே. ஆனால் வீட்டில் படித்ததில்லை, அதுவும் உண்மைதான், இறங்குவதற்கு முன்னால் பத்திரிகையைப் பைக்குள் அடியில் தள்ளிவிடுவாள், நேரமில்லை என்று நினைத்துக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார நேரமிருக்கிறது, பிறகு எதை மறைக்கிறோம், அதுவும் பெற்ற மகளிடம்?

கண் முன்னாலேயாம். எப்படிக் கூசாமல் எழுதுகிறாள், அவள் அப்போது வீட்டிலேயே இல்லையே, உப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாளே... இந்த இடத்தில் மாதேஸ்வரியின் நினைப்பு சட்டென்று நின்றது. அப்போது என்றால் எப்போது? ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அவள் உப்பு வாங்கப் போனது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது? பஸ் நின்றது, ராசாத்தி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஏங்க்கா மொகம் ஒரு மாதிரி இருக்குது, ஒடம்பு சரியில்லியா என்றாள், ஒண்ணுமில்ல ராசாத்தி என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள், யாரோ வயலில் நாற்றுக் கட்டுகளை விசிறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாற்று நடவு நாள்தான் அன்றும். கம்பெனி வேலைக்குச் சேருவதற்கு முன்னால், ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் நட்டுவிட்டு, இடுப்பு தனியாகக் கழன்றுவிடும்போல வீட்டுக்கு வருகிறாள், தெருவிலேயே தீய்ந்த வாடை, அடுப்பில் சோறு அடிபிடித்துக் கருகிக்கிடக்கிறது, பார்த்துக்கொள்ளச் சொன்ன மகள் மூலையில் புத்தகத்தோடு. கூப்பிட்டாள், காதில் விழவில்லை, மறுபடி கூப்பிட்டாள், விழவில்லை, அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது, பக்கத்தைப் பார்த்துத் தனக்குத்தானே, உடம்பெல்லாம் குலுங்க. சோறு எத்தனையோ தடவை தீய்ந்திருக்கிறது, சோறு இல்லை, அந்தச் சிரிப்பு... என்னிடம் ஒரு நாளாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று நினைத்தது இப்போதா அப்போதா தெரியவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, போய் உப்பு வாங்கி வா என்று விரட்டினாள். பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவளே அதைப் பிரித்துப் பார்த்தாள், எதற்குச் சிரித்தாள் என்று தேடினாள், இரண்டு பக்கம் எழுத்துக்கூட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை, எழுத்தெல்லாம் அவளை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது... கை தானாக நீண்டது. ஆமாம், நீண்டது.

மகள் திரும்பி வந்து கேட்டபோது அங்கேதான் எங்கேயோ போட்டேன், போய்த் தேடு என்றாள், மறுநாள் எலி கடித்துக் கிழித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள், அதோடு விட்டிருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கே போய் சரசம்மா டீச்சரிடமும் எலி என்றாள், புத்தகத்தைத் தரையில போட்டுட்டா டீச்சர், சொன்னா கேக்கறதில்ல என்றாள், பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நின்றது, அந்த வருடம் முழுக்க டீச்சர் அதற்கு வேறு புத்தகம் கொடுக்கவில்லை. ஒரு வாரம் எலிப்பொறிகூட வைத்தாள், தேங்காய்ச் சில்லு செருகி, ஒன்றும் விழவில்லை. பொறி வைத்ததாலோ என்னவோ நாளாக நாளாக எலி என்பதே நிசமாகிப்போனது, இன்று காலைவரைக்கும். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, சாம்பலில் அட்டைத் துண்டு ஏதாவது மிச்சமிருந்து பார்த்திருப்பாள், பத்து வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்...

போன் அடித்தது, கவிப்ரியாதான்.

"அம்மா, எம் பையில காலேஜ் புக்கு ஒண்ணு இருந்துதே, பாத்தியா?"

"எங்கிட்டதான் இருக்குது. எடுத்தாந்துட்டன்."

"நீ எதுக்கு எடுத்த?"

"படிக்கத்தான். நீ எழுதனத படிச்சிட்டன் கண்ணு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அது கதைம்மா. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

"அதில்ல... இத்தன வருசம் தெரிஞ்சும் நீ கேக்காம இருந்திருக்கியே. அடுப்புல போட்டது தப்புதான். டீச்சர்கிட்ட எலின்னு சொல்லி உன்ன தல குனிய வெச்சது அதவிடத் தப்பு."

"என்னாம்மா சொல்ற? எலிதான கடிச்சிது? கதையில எலின்னு எழுதனா நல்லா இல்ல, அதான் அடுப்புன்னு மாத்தி எழுதனன்."

ஒரு நிமிஷம் மாதேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்தபோது, ஆமா எலிதான், நான் வேற எதையோ நெனச்சிப் பேசிட்டன் என்கிற வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நின்றன, சொன்னால் முடிந்தது, அவள் நம்புவாள், பத்து வருடம் நம்பியவள்தானே, ராசாத்தி வேறு திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எலி இல்ல கண்ணு," என்றாள். "நான்தான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "சாயங்காலம் எப்ப வருவ?" என்றாள் கவிப்ரியா.

"எப்பயும் வர்ற பஸ்தான்."

"சரி. வா."

வைத்துவிட்டாள். அந்த வா-வில் கோபம் இருந்ததா, அழுகையா, மாதேஸ்வரியால் கண்டுபிடிக்க முடியவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை, ஏன் போட்டாய் என்று கேட்கவில்லையே, சாயங்காலம் கேட்பாள், கட்டாயம் கேட்பாள், என்னவென்று சொல்வது, நீ சிரித்தாய், எனக்குப் பொறுக்கவில்லை என்றா, பெற்ற மகளிடம் அதை எந்த வாயால்... பஸ் சிப்காட்டுக்குள் திரும்பியது, எல்லோரும் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள், சோறு தீய்ந்துபோச்சு, நடவு நட்டுட்டு வந்த அலுப்பு, ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லலாம், அதுவும் நடந்ததுதானே, பொய் ஒன்றும் இல்லை, அவளும் சமாதானம் ஆகிவிடுவாள் என்று மனசு தானாகவே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போவதை மாதேஸ்வரி கவனித்தாள், ராசாத்தி இறங்கி, பின் சீட்டுக்காரர்கள் இறங்கி, பஸ் காலியான பிறகும் எழுந்திருக்காமல் அதைக் கவனித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.