இரண்டு குதிகாலும்

'ஓடையில் கல் வழுக்கிக் கால் பிசகியது' என்று சீட்டில் எழுதியிருந்தது. திரையில் வந்த படமோ வேறு கதை சொன்னது. வலது குதிகால் எலும்பு நொறுங்கிச் சப்பையாகியிருந்தது. இடதும் அப்படியே. பிசகினால் கணுக்கால் போகும், அதுவும் ஒரு கால்தான் போகும். இரண்டு குதிகாலும் ஒன்றாகப் போவது உயரத்திலிருந்து நேராக வந்து தரையில் இறங்கியவருக்குத்தான். பதினோரு வருடமாக இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன், என் காதில் பூ சுற்ற முடியாது.

மேஜையில் படுத்திருந்தவர் பெயர் அசோக்வா. ஐம்பது வயது இருக்கும். உள்ளங்கை முழுக்கக் கயிறு தேய்த்த காய்ப்பு, சட்டையில் புளித்த கள் வாடை. எங்கள் பக்கத்தில் செம்பனை ஏறிக் கள் இறக்குபவர் யாரும் மரத்திலிருந்து விழுந்தேன் என்று வாய் திறந்து சொல்லமாட்டார். விழுந்தால் நிலத்துக்கே தீட்டு. பரிகாரம் முடியும்வரை அவர் கள்ளை யாரும் தொடமாட்டார்கள், அதற்குப் பிறகும் மரம் ஏற விடுவது சந்தேகம்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஊர், ஆனாலும் அப்படித்தான்.

"முதுகு வலிக்குதாய்யா?"

"முதுகு வலிக்காத ஆம்பளை எங்கம்மா இருக்கான்?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் தம்பி எஜிகே சிரிக்கவில்லை.

"எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தீங்க?"

"ஓடைன்னு எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா நர்ஸம்மா?" என்றான் எஜிகே.

"நான் நர்ஸ் இல்ல. படிக்கவும் தெரியும்."

குதிகாலில் விழுந்த அடி அங்கேயே நிற்காது. முழங்கால், தொடை என்று ஏறிப்போய், விலா முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில் முதுகெலும்பை முட்டும். அங்கே ஒரு சில்லு உடைந்து பின்னால் நகர்ந்தால் தண்டுவடம் நசுங்கும். பிறகு கால் இரண்டும் இருந்தும் இல்லாததுதான். முதுகையும் எடுத்தே தீருவது என்று நான் முடிவு செய்த நிமிடம் கரண்ட் போனது.

"அசையாம படுத்திருங்க, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டர் ஆளைத் தேடிப் போனேன். அவனைக் கண்டுபிடித்துத் திரும்ப கால் மணி நேரம் ஆகிவிட்டது. மேஜை காலி.

அவர்களை நம்பி விட்டுப்போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கே போயிருப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. எலும்பு கட்டும் வைத்தியரிடம்தான். அவர் நல்ல மனிதர், எத்தனையோ பேர் காலை நேராக்கியவர். ஆனால் இழுத்துப் பிடித்து உருவிவிடுவார். முதுகில் சில்லு நகர்ந்து நிற்பவரை இழுத்தால் என்ன ஆகும்? அதற்கும் முன்னால், வாடகை மோட்டார் சைக்கிளில் எட்டு மைல் குண்டும் குழியும்.

ஓடினேன். கேட்டருகில் பயறு மாவில் அவித்த ஒக்பா விற்கும் பெண்களுக்கு நடுவே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுபவன் முதுகில் அசோக்வா சாய்ந்திருக்க, எஜிகே பின்னாலிருந்து அவரை அணைத்துப் பிடித்திருந்தான். நான் பாய்ந்து சாவியைத் திருகி உருவிவிட்டேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் ஓட்டுபவன்.

மரத்திலிருந்து விழுந்தவரை இப்படியா கொண்டுபோவீங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை விட்டால் சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கப் பரவிவிடும். விழுங்கினேன்.

"படம் சரியா விழல. மறுபடி எடுக்கணும். காசு வேண்டாம்."

"காலுக்கு என்ன பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும். வழிய விடுங்க" என்று எஜிகே முறைத்தான்.

"உங்கண்ணன் நடக்கணுமா வேண்டாமா?"

அசோக்வா மெல்ல வாய் திறந்தார். "தம்பி, இடது கால் மதமதன்னு இருக்குடா."

எஜிகே முகம் செத்துப்போனது.

நாலு பேர் பலகையில் நீட்டிப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். முதுகு வளையக்கூடாது, திருப்பக்கூடாது என்று நான் கத்திக்கொண்டே கூட நடந்தேன். கால் பிசகினதுக்கு எதுக்குடி பலகை என்று ஒக்பாக்காரி கேட்டாள். ஆஸ்பத்திரி சட்டம் என்று புளுகினேன்.

முதுகுப் படம் வந்தது. இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது முன்பக்கம் நசுங்கியிருந்தது. அதன் பின்சுவரிலிருந்து ஒரு சில்லு தண்டுவடம் போகிற பாதைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. கால்மாட்டில் போய் நின்றேன்.

"கட்டைவிரலை ஆட்டுங்கய்யா."

வலது ஆடியது. இடது ஆடவில்லை. மறுபடி சொன்னேன். எஜிகே குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு, மனசில்லாமல், அது அசைந்தது.

டாக்டரைக் கூட்டிவர எஜிகேயை அனுப்பினேன். அவன் போனதும் அசோக்வா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தப் படத்துல மரமும் தெரியுதா மகளே?"

"தெரியாதுய்யா. எலும்பு மட்டும்தான்."

"டாக்டர் படிக்கிற சீட்டுல?"

"உயரத்துல இருந்துன்னு எழுதுவேன். அது அவருக்குத் தெரிஞ்சாகணும். எதுல இருந்துன்னு எழுத மாட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் ஓடியது. துடைக்கக்கூடக் கை தூக்கவில்லை.

"அப்படின்னா சொல்லிடறேன்" என்றார். "காலைல இருந்து முதுகுல உயிர் போகுது."