இரண்டு விரல் லூஸ்

அப்பா மெத்தைக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களிடமெல்லாம் "மேகத்துல படுத்த மாதிரி இருக்கும் சார்" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்கு மேகம் என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. ஒரு விடுமுறைக்கு மலைக்குப் போனோம். தங்கும் அறைக்குப் பின்னாலேயே அருவி கொட்டுகிறது என்று கிளம்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், விடுதியின் மொட்டைமாடித் தொட்டி நிரம்பிச் சுவரோரமாக வழிந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். அம்மா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் தொட்டிதான் இருக்கும்னு நினைச்சுத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

அதுதான் அம்மா. கடுகை மலையாக்குகிறவருக்கு வாழ்க்கைப்பட்டதாலோ என்னவோ, மலையைக் கடுகாக்கிக் கையில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். என் பரீட்சை முடிவு வரும் நாளில், "ஃபெயில்னு நினைச்சுக்கோ, பாஸானா லாபம்" என்பாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது அவளுக்குப் பழமொழி இல்லை, சட்டம்.

அம்மா தையல்காரி. கார்கள் நிறுத்தும் ஒரு கட்டடத்தின் அடியில், ஷட்டர் போட்ட கடை. பின்னால் இருந்த இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். கடைக்கு ஜன்னல் கிடையாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் அக்கா தங்கை மாதிரி தெரியும். அம்மா துணியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். வானம் மூடியிருந்தால் அன்றைக்குக் கருநீலத்தில் கத்திரி படாது.

கடையில் பாதி இடத்தை ஒரு வெட்டு மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. தொழிலை விட்ட ஒரு பெரிய தையல்காரரிடமிருந்து வாங்கியது. நான்கு கால்களையும் பிணைத்துக் கீழே ஒரு தட்டு. துணி உருளைகளை அதில்தான் அடுக்குவாள். அந்தத் தையல்காரர் நல்ல நெட்டை. அம்மா குட்டை. அதனால் மேஜையோரம் ஒரு தடிமனான பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் வெட்டுவாள். மேஜையின் அடுத்த முனைக்குப் போக வேண்டுமென்றால் இறங்கி, பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏற வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தச் சரக் சரக் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு, தையல் வேலை என்றால் அதுவும் சேர்ந்ததுதான் என்றே தோன்றியிருந்தது.

புது வீட்டை அப்பாதான் கண்டுபிடித்தார். முதல் மாடி.

"முன்னறையைப் பாக்கணுமே! நாலு பக்கமும் ஜன்னல். வெளிச்சம் சும்மா கொட்டுது."

"நாலு பக்கமும் ஜன்னல்னா எது வழியா உள்ள போனீங்க?" என்றாள் அம்மா.

ஆனாலும் பார்க்கப் போனோம். இரண்டு பக்கம் ஜன்னல் இருந்தது. அப்பா சொன்னதில் பாதி உண்மை என்பது எங்கள் குடும்பத்தில் அதுவரை நடக்காத அதிசயம். அம்மா அறையின் நடுவில் போய் நின்று தன் புடவைத் தலைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்து, தாழ்வாரத்திலிருந்து அறைக்குள் போகும் வாசலை அளந்தாள். "முப்பத்தாறு. மேஜை போயிடும்" என்றாள். வழியெல்லாம் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

ஜன்னல் வெளிச்சம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. புது வீட்டுத் தெருமுனையில் ஒரு பெரிய ஹோட்டல் கட்டி முடித்திருந்தார்கள். நீண்ட விடுமுறை தொடங்கும்போது திறக்கப் போகிறார்கள். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கருநீலக் கோட்டு. அதை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய, ஹோட்டல் மேனேஜரம்மா நாங்கள் குடிபோன மறுநாள் காலையே வேலையிடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு கோட்டைக் கண்ணெதிரிலேயே வெட்டிக் காட்ட வேண்டும்.

"வந்தா வரட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் கூர் மழுங்காத கத்திரியை அன்று மாலையே சாணை பிடிக்கக் கொடுத்ததை நான் பார்த்தேன். அம்மா ஒன்றுக்கு ஆசைப்படுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் ஏமாந்து நான் பார்த்ததே இல்லை. ஏமாற அவள் இடம் கொடுத்ததில்லை.

குடிபோகும் நாளில் லாரிக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறைந்த என் புத்தகப் பெட்டியைத் தூக்கியதும், "உள்ள என்னம்மா, கருங்கல்லா?" என்று கேட்டார். "வெளிநாட்டுக் கருங்கல். தமிழ்ல வந்திருக்கு" என்றார் அப்பா. மெத்தை, பாத்திரம், தையல் இயந்திரம் எல்லாம் மேலே போயின. கடைசியில் மேஜை. ஷட்டர் அகலமென்பதால் கடையிலிருந்து ராஜா மாதிரி வெளியே வந்தது. மாடிப்படியிலும் ஏறிவிட்டது. தாழ்வாரத்தில் பக்கவாட்டாகச் சாய்த்து, முன்னறை வாசலுக்கு நேராக நீட்டினார்கள். இடித்து நின்றது.

"கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்கப்பா" என்றார் லாரிக்காரர்.

சாய்த்தார்கள். காலை முதலில் நுழைத்துத் திருப்பலாம் என்றால் கீழ்த்தட்டு குறுக்கே நின்றது. கதவைக் கீலிலிருந்து கழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் போகவில்லை.

"தட்டைப் பிரிச்சு எடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"பழைய ஆணி பாப்பா. பிரிச்சா விறகுதான்." லாரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரு இந்த வாசலை அளந்தது?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்கறீங்க? ஜன்னலுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. அளவெல்லாம் அவ டிபார்ட்மென்ட்."

"நானேதான் அளந்தேன். முப்பத்தாறு" என்று அம்மா டேப்பை உருவினாள். வாசலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்தாள். முப்பத்து நான்கு. சாய்ந்து கிடந்த மேஜையின் உயரத்தை, கால் நுனியிலிருந்து மேல்பலகை வரை அளந்தாள். முப்பத்தைந்து. டேப்பைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள், அது பொய் சொல்கிறதோ என்பது போல.

எனக்குச் சட்டென்று விளங்கியது. யாராவது சட்டைக்கு அளவு கொடுக்க வந்தால், டேப்பு முப்பத்து நான்கு என்று காட்டும், அம்மாவின் வாய் முப்பத்தாறு என்று சொல்லும். உடம்பு மூச்சுவிட இரண்டு விரல் லூஸ். கணக்குப் போடாமலே நாக்கில் வந்துவிடும்.

"அம்மா, நீ கதவுக்கு லூஸ் விட்டுட்டே."

 தாழ்வாரமே சிரிப்பில் அதிர்ந்தது. லாரிக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்! ஏம்மா, கதவு சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சதை போட்டுடும்னு நினைச்சியா? இத்தனை வருஷத்துல நான் ஊதினதெல்லாம் சேர்த்தாலும் இதுக்கு ஈடாகுமா?"

அம்மா சிரிக்கவில்லை. லாரியிலிருந்து தானே சுமந்து வந்திருந்த அந்தப் பலகையைத் தரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "சரி விடு. சுவரை ஓரமா ஒரு தட்டுத் தட்டினா..."

"வீட்டுக்காரர் நம்மளைத் தட்டுவார் சார்" என்றார் லாரிக்காரர். "எனக்கு அடுத்த லோடு இருக்கு. கீழ இறக்கி வாசல்ல வச்சிடவா, சொல்லுங்க."

"இறக்கிடுங்க தம்பி" என்றாள் அம்மா. "ஏங்க, அந்த மேனேஜரம்மாவுக்கு ஃபோன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க. தரையில குந்திக்கிட்டு வெட்டறவளுக்கு யாரு கோட்டு குடுப்பா? எனக்கு நல்லா வேணும். எந்த ஊர்லயும் இல்லாத ஆசை என்ன வேண்டிக் கிடக்கு?"

அப்பா ஃபோனை எடுத்தார், ஆனால் எண்ணை அழுத்தவில்லை. அவரிடம் சொல்வதற்கு ஒரு மேகமும் மிச்சமில்லை. நான் அம்மாவின் எதிரில் போய்க் குந்தினேன்.

"அம்மா, துணி வெட்டறப்போ நீ என்ன சொல்லுவே? சின்னதா வெட்டிட்டா அழுதாலும் ஒட்டாது, பெருசா வெட்டினா புடிச்சுத் தச்சுக்கலாம்னு சொல்லுவே இல்ல? ஊரார் துணியெல்லாம் பெருசா வெட்டறவ, உன் ஆசையை மட்டும் ஏன்மா எப்பவும் சின்னதாவே வெட்டறே?"

"புக்கு படிச்சுப் படிச்சு உனக்கு வாய் நீண்டுபோச்சு" என்றாள். ஆனால் குரலில் சூடு இல்லை. அவள் கை பலகையைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் பாதங்கள் நின்று நின்று, அதில் இரண்டு இடங்களில் மரம் வழவழவென்று பள்ளமாகியிருந்தது. தடவிய கை பலகையின் விளிம்புக்கு வந்து நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அதன் தடிமனைக் கவ்வின, துணியின் கனத்தைப் பார்ப்பது போல.

அம்மா எழுந்தாள். பலகையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போய், சாய்ந்து கிடந்த மேஜைக் காலின் நுனியோடு சேர்த்து வைத்தாள். அவள் முகத்தில் ஏதோ மாறியது.

"தம்பி, இறக்காதீங்க. உங்க லாரில ரம்பம் இருக்கா?"

"இருக்கு. பெட்டி உடைக்க வச்சிருக்கேன். எதுக்கு?"

அம்மா இடுப்பில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்தாள். பலகையின் தடிமனை டேப்பால் அளந்தாள். "ரெண்டு" என்றாள். பிறகு இன்னொரு முறை அளந்து, என்னைப் பார்த்து, "ரெண்டுதான். லூஸ் இல்ல" என்றாள். நான்கு கால்களிலும், நுனியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டாள்.

அப்பா பதறினார். "அடியே, மேஜையை வெட்டப் போறியா?"

"ஆமா. ஊர்ல இருக்கறவங்க உடம்புக்கெல்லாம் அளவெடுத்தேன். ஒரு நாளாவது என் உயரத்துக்கு இதை அளவெடுக்கணும்னு தோணிச்சா? எவனோ ஒரு நெட்டையனுக்காகச் செஞ்ச மேஜை. அதுக்கு நான் ஏறி நிக்கறேன், இறங்கறேன், தள்றேன். இருக்கறது போதும், இருக்கறது போதும்னு..." மூச்சு வாங்கியது. "கவுத்துப் போடுங்க சொல்றேன்."

முதல் காலை அப்பாதான் அறுத்தார். "வெண்ணெய் மாதிரி வெட்டித் தர்றேன் பாரு" என்று தொடங்கி, பாதியில் நாக்குத் தள்ளி, லாரிக்காரரிடம் ரம்பத்தைக் கொடுத்துவிட்டு, கோடு கோணாமல் போகிறதா என்று மேற்பார்வை பார்த்தார். அடுத்த லோடை லாரிக்காரர் மறந்தே போனார். "அக்கா, பேன்ட்டுக்கு அடிய வெட்டற மாதிரி மேஜைக்கும் வெட்டறீங்களே, மடிச்சுத் தைக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே மற்ற மூன்றையும் அறுத்து முடித்தார். நான்கு மரத்துண்டுகளும் தாழ்வாரத்தில் உருண்டன.

மறுபடி மேஜையைச் சாய்த்தார்கள். ஆட்கள் மூச்சைப் பிடித்தார்கள். நாங்களும் பிடித்தோம். வாசல் நிலையில் உரசாமல், இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய, மேஜை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. லாரிக்காரர் விசிலடித்தார். அப்பா தாழ்வாரத்தில் ஆடவே தொடங்கிவிட்டார்.

மேஜையை நிமிர்த்தி ஜன்னலோரம் போட்டதும் லேசாக ஆடியது. "அது உங்க வெண்ணெய்க் காலு" என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் துணியை மடித்து அதன் அடியில் செருகினாள். பிறகு வெறுந்தரையில் கால் பதித்து நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேஜை மேல் வைத்தாள். முழங்கை அதற்கு எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்கியது. மேஜையோரமாக மெதுவாக நடந்தாள், அந்த முனை வரை, திரும்ப இந்த முனை வரை. சரக் சத்தம் இல்லை. ஏறவில்லை, இறங்கவில்லை. மூன்றாவது சுற்றில் அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை மேனேஜரம்மா வந்தார். சிரிப்பதற்குக் கூலி கேட்பவர் போன்ற முகம். அம்மா கருநீலத்தை மேஜையில் விரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது கருநீலமாகவே இருந்தது. அதனுள் ஓடிய மெல்லிய இழைகூடத் தெரிந்தது. கத்திரி துணிக்குள் இறங்கி, நடந்துகொண்டே வெட்டிய அம்மாவோடு சேர்ந்து, நிற்காமல் அந்த முனை வரை போனது. மேனேஜரம்மா வெட்டிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். வைக்க மனமில்லாதவர் போல வைத்திருந்தார்.

"திறப்பு விழாவுக்கு முன்னாடி எத்தனை முடிப்பீங்க? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம்."

எனக்குத் தெரியும் அம்மா என்ன சொல்வாள் என்று. கால்வாசி என்பாள். அதையும் "பாக்கலாம்" என்பாள்.

"எல்லாமே" என்றாள் அம்மா. "கூட ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்குவேன். இடம் இருக்கு. வெளிச்சமும் இருக்கு."

மேனேஜரம்மா அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "துணி இன்னிக்கே அனுப்பறேன்."

அவர் படியிறங்கும் வரை அப்பா அசையவில்லை. பிறகு மெதுவாக, "எல்லாமேவா?" என்றார். "நானே பாதிதான் சொல்லியிருப்பேன்."

"பெருசா வெட்டியிருக்கேன். வேணும்னா புடிச்சுக்கலாம்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அப்பா அந்தப் பலகையை எடுத்து, அதன் மேல் ஏறி நின்று, ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டப் போனார்.

"திரை வேணாம்" என்றாள் அம்மா. கத்திரியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "ஏங்க, கோட்டு வேலை முடிஞ்சதும் எங்கயாவது போலாமா? நிஜ அருவிக்கு."

அப்பா பலகையில் நின்றபடியே தயங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குரல் இறங்கியது. "போலாம்... பக்கத்துல ஒண்ணு இருக்கு. ஆனா சின்னதுதான். தண்ணி ரொம்ப வராது."

"சின்னதெல்லாம் வேணாம்" என்றாள் அம்மா, அடுத்த துணியை விரித்துக்கொண்டே. "பெருசா பாருங்க."