முறியடிக்க ஒரு வழி

எங்கள் கணினிப் போர் விளையாட்டுக்கு நான் வகுத்த விதி ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தாக்குதலையும் முறியடிக்க ஒரு வழி இருக்க வேண்டும். குதிரைப்படை வந்தால் ஈட்டி, ஈட்டி வந்தால் வில். சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் ஆறு மாதம் உட்கார்ந்து இதை உருவாக்கினேன். அப்புறம் புத்தி கெட்டுப்போய், அணையின் மதகைத் திறந்து கீழே இருக்கும் எதிரியின் ஊரை மூழ்கடிக்கலாம் என்று சேர்த்தேன்.

அதன்பிறகு ஊரின் தரப்பில் விளையாடிய ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. படகு கொடுத்தேன், கரையை உயர்த்தினேன். கணினியைக் கணினியோடேயே ஆயிரம் முறை மோதவிட்டேன். ஆயிரம் முறையும் ஊர் மூழ்கியது.

விளையாட்டைச் சோதிக்கும் சந்திரலேகா குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் வருகிறவர். கொள்ளிடத்து வெள்ளத்தைப் பார்த்தவர். எரிச்சலோடு அவரிடமே கேட்டேன்.

“தண்ணி வந்தா நீங்கல்லாம் என்னதான் பண்ணுவீங்க?”

“ஸ்கூல் மாடியில ஏறி ஒக்காந்துடுவோம் சார்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

சரி, அதையும் வைத்துத் தொலைப்போம் என்று ‘மாடிக்கு ஏறு’ என்றொரு பொத்தானைச் சேர்த்து, அவரை ஊரின் தரப்பில் விளையாடச் சொன்னேன். மதகு திறந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். பிறகு மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் நீலம் வயலைத் தாண்டி, வாசல்களைத் தாண்டி ஏறியது. பத்து நிமிடம் ஆகியும் அவர் எதையும் தொடவில்லை.

“ஏங்க, விளையாடச் சொன்னா சும்மா ஒக்காந்திருக்கீங்க?” என்று கத்தினேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“விளையாடிக்கிட்டுதான் சார் இருக்கேன்.”