பிடரியில் ஒரு சென்டிமீட்டர்

திருவிடந்தையில் ஜெபசிங்கின் முடியை வெட்டினால் அது கரண்டி விழுந்ததுபோல் ‘ணங்’ என்று தரையில் விழும். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் கொட்டகையில் வேலை செய்த எட்டுப் பேருக்கும் முன்பு அப்படித்தான் விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சலூன்காரர் கோதண்டராமன் மட்டும் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பிறகு கொட்டகைக்குப் புகைபோக்கி வந்தது, முகமூடி வந்தது, குளித்து உடை மாற்றி வீட்டுக்குப் போகும் வழக்கம் வந்தது. ஏழு பேரின் முடி பஞ்சாக விழத் தொடங்கியது. ஜெபசிங்கை உலைப் பக்கமே விடாமல் வலையில் குண்டு கோக்கும் வேலைக்கு மாற்றியும், அவர் முடி மட்டும் ஒலித்தது. டம்ளரைப் பிடித்தால் பாதி டீ சட்டையில். செங்கல்பட்டில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா, ஈயம் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, வழியை அடைக்காவிட்டால் அந்தக் கை நடுக்கம் நிற்கவே நிற்காது என்று சொல்லிவிட்டார்.

எந்த வழி என்று கோதண்டராமனுக்கும் புரியவில்லை. ஆனால் முடியைப் பற்றி அவருக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த மாதம் ரத்தத்தில் ஓடியதை உள்ளே பூட்டிக்கொள்ளும். வேரோரம் போன மாதம், நுனி பழைய மாதம். வெளியே ஒட்டிய தூசும் ஒலிக்குமே என்று ஷாம்பு போட்டு மூன்று முறை அலசினார். பிடரியில் ஒட்ட வெட்டி, ஆறு சென்டிமீட்டரை ஆறு துண்டாக்கி, வேரிலிருந்து வரிசையாக எவர்சில்வர் தட்டில் போட்டார். முதல் மூன்றும் ஒலித்தன. நான்காவதில் சத்தமே இல்லை. ஐந்தும் ஆறும் மறுபடி ‘ணங்’.

“நாலு மாசம் முன்னாடி எங்க போயிருந்த, அண்ணாத்த?”

“எங்கியும் போவல. தெனம் கொட்டாயிலதான் இருந்தேன்.”

கூட வந்திருந்த மனைவி சாராள் குறுக்கிட்டாள். “கடவாப்பல்லு வீங்கி, மாசம் பூரா கஞ்சி குடிச்சிகினு கெடந்தியே, மறந்துட்டியா? ஒரே பேஜாரு.”

“பல்லுக்கும் ஈயத்துக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார் கோதண்டராமன்.

“கடிச்சாதான குண்டு கயித்துல இறுகும்?” என்றார் ஜெபசிங். “அந்த மாசம் மட்டும் சுத்தியால தட்னேன். லேட்டாவுதுன்னு அல்லாரும் திட்டினானுங்க.”

“மீனுக்கு வெச்சத நீயே முழுங்கிகினு கீறியா?” என்று சாராள் தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே சிரித்தாள், அழுதாள்.

அடுத்த மாதம் வேரோர சென்டிமீட்டர் சத்தமில்லாமல் விழுந்தது. சாராள் அதை இன்னொரு முறை தட்டில் போடச் சொல்லிக் கேட்டாள். இப்போது அந்தக் கரையில் மாதம் ஒருமுறை எல்லோருடைய முடியும் அலசித் தட்டில் போடப்படுகிறது. ஒலித்தால், வழியைத் தேடுகிறார்கள். ஈயக்குண்டைக் குறடால் இறுக்குகிறார்கள், பல்லால் கடிப்பதில்லை.