எண்ணிக்கையில் சேராதவர்கள்

"எனக்கும் ஒரு அபாய மணி வேணும், க்வெண்டா."

காலை ஆறே முக்கால், அடிலெய்டின் ஒரு மனநல கிளினிக். இரவுப் பணி முடித்தவர்கள் நோயாளிகளின் நிலவரத்தை ஒப்படைத்துவிட்டு மேல்கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீலி சொன்னதைக் கேட்டதும் ஒருவர் கை கோட்டுக்குள் பாதியிலேயே நின்றது.

கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியது அதைத்தான். மனநலப் படிப்பின் கடைசி ஆண்டு. பயிற்சிக்கு அனுப்பும் முன்னால் பல்கலைக்கழகத்தில் ஒரு முழு நாள் உட்கார வைத்துப் பேசினார்கள். நீங்கள் அங்கே விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுக்காரரிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்பதில்லை. அடிலெய்டில் இடம் கிடைப்பதே பெரிய பாடு, கேட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்தால்தான் பட்டம். கீலிக்கு இன்னும் எண்பது மணி நேரம் பாக்கி.

மேலாளர் க்வெண்டா சிரித்தார். "கழுத்துல போட்டுக்கற மணி பணியாளர்களுக்குக் கண்ணு. நீ படிக்க வந்த பிள்ள."

"படிக்க வந்தவளத்தான் விடியறதுக்குள்ள ஆள் காவலுக்குத் தனியா உக்கார வெக்கறீங்க."

"பத்து மணிக்கு என் ரூமுக்கு வா. பேசலாம்."

இந்த நாட்டில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் முதலாளி என்பதே பல பேருக்கு மறந்துபோகும். முதலாளிக்கு மறப்பதில்லை.

கீலி ஏழாம் அறைக்குப் போனாள். நெவில் விழித்திருந்தார். முப்பது வருடம் பாலைவனச் சாலையில் நீள லாரி ஓட்டியவர். மனைவி போன பிறகு வாழ்வதில் பிடிப்பு விட்டுப்போய், தன்னையே முடித்துக்கொள்ளப் பார்த்தவர். அவரை விட்டுக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் யாரும் போகக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. படுக்கை விரிப்பை மாற்றினாள். அவர் முழங்கையைப் பிடித்துக் கழிப்பறை வாசல்வரை கூட்டிப்போய், கதவை ஒரு சாண் திறந்தே வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கூழாய்க் காய்ச்சிய ஓட்ஸைக் கரண்டி கரண்டியாகக் கெஞ்சி ஊட்டினாள். கரண்டியை அவர் எடுத்து ஒளித்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். அவர் பத்திரமாக இருக்கிறார் என்பதற்குக் கால் மணிக்கு ஒரு முறை தாளில் ஒரு கோடு.

"ஏ புள்ள, என்ன நீ பாத்துக்கறியா, உன்ன நான் பாத்துக்கறனா? உன் மூஞ்சி என்னதவிடக் கேவலமா இருக்கு."

"ராத்திரி தூங்கல நெவில்."

"அப்ப இங்க வந்து படு. நான் கோடு போடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு வாரத்தில் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

போன வியாழக்கிழமை இதே நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பதினாறு நோயாளிகளுக்கு நாலு பேர் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் நாலு பேரின் முதலெழுத்துகள் இருந்தன. அதில் இரண்டு பயிற்சி மாணவிகள்: ஒன்று கீலி, இன்னொன்று செஃபினா. பணியாளர் இருவரில் ஒருவர் இடைவேளையில். ஒருவர் மருந்து அறைக்குள் பூட்டிக்கொண்டு. நடையின் கடைசி அறையில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று பயம் முற்றிவிட்டது. அவள் கெட்டவள் அல்ல; யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்பினாள், அவ்வளவுதான். தப்பி ஓட எண்ணிக் கனத்த கதவை அறைந்தாள். கதவு நிலையில் செஃபினாவின் வலது கை இருந்தது.

எலும்பு முறிகிற சத்தம் கீலிக்கு நடையின் இந்தக் கோடிவரை கேட்டது. அடுத்துத் தன் பெயர் கேட்டது. "கீலி! கீலி!"

அவளால் எழுந்து போக முடியவில்லை. போனால் நெவில் தனியாகிவிடுவார். அழுத்துவதற்கு இருவர் கழுத்திலும் மணி இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்தினாள். ஆள் வர பதினோரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினோரு நிமிடமும் செஃபினா சமோவா மொழியில் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதை யாரிடம் சொல்வது? வார்டில் நடந்தது வார்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கீலி வாடகை அறையில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, வாய்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று தான் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியதை நினைத்துக்கொள்வாள். அடுத்த அறைக்காரி யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. செஃபினாவைத் தவிர, கூடப் பயிற்சி செய்யும் மற்ற மாணவர்களையும் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி முறை போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உருக்காலை ஊரான வையாலாவில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தாள். நோயாளி பெயரைச் சொல்லாமல், நடந்ததைச் சொன்னாள்.

"தலையக் குனிஞ்சிட்டு முடிச்சிட்டு வா புள்ள. நம்ம குடும்பத்துல பட்டம்னு ஒண்ண நீதான் பாக்கப் போற."

"சரிப்பா."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"உருக்காலையில என் பக்கத்துல நின்னவனுக்குக் கை போச்சு. அவன் குடிச்சிருந்தான்னு எழுதிக் கேட்டாங்க. அப்ப நீ கைக்குழந்த. எழுதிக் குடுத்தேன்." இருமினார். "அவன் குடிக்கறவனே இல்ல புள்ள. இன்னும் இதே ஊர்லதான் இருக்கான். கடைத்தெருவுல பாத்தா நான் எதிர்ப்பக்கம் போயிடறேன்."

மறுநாள் கீலி வெள்ளைப் பலகையில் எழுதியதை நாள்தோறும் பிரதி எடுத்து வைத்திருந்த தாள்களைப் புரட்டி, மாணவர்களின் முதலெழுத்துகளைப் பொறுக்கி எடுத்தாள். பல்கலைக்கழகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து ஐந்து பேரைக் கண்டுபிடித்தாள். ஐவருக்கும் ஒரே செய்தி: 'நோயாளியின் இரகசியத்தைக் காப்பது நம் கடமை. கிளினிக்கின் இரகசியத்தைக் காப்பது இல்லை. உங்களையும் தனியாக விட்டார்களா?'

மூன்று பதில்கள் வந்தன. இரண்டு நீளமானவை, படித்தபோது தன் கதையையே வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. மூன்றாவது: 'விசா சிக்கல். என்னால் முடியாது. மன்னித்துக்கொள்.' மற்ற இருவர் வாய் திறக்கவில்லை. மணி தராவிட்டால் இன்று காலையே புகார் கொடுக்கப் போவதாக நேற்றிரவு ஐவருக்கும் செஃபினாவுக்கும் எழுதியிருந்தாள்.

பத்து மணிக்கு ஒரு பணியாளர் வந்து நெவில் பக்கத்தில் உட்கார்ந்தார். கீலி மேலாளர் அறைக்குப் போனாள். மேசைமேல் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. 'மாணவி செஃபினா லியோட்டா, தனியாக அறைக்குள் செல்லக் கூடாது என்ற அறிவுறுத்தலை மீறி...' கீழே கீலியின் பெயரும், கையெழுத்துக்கு ஒரு கோடும்.

"அந்த அறிவுறுத்தல யாரு குடுத்தா, க்வெண்டா?"

"பொதுவா எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்ல."

"பலகையில பேர எழுதி அந்த அறைக்கு அனுப்பினது நீங்க."

"பலகை ஒரு வசதிக்கும்மா."

"யாரு வசதிக்கு?"

க்வெண்டா நாற்காலியில் சாய்ந்தார்.

"செஃபினா பணியாளர்னா அவ கைக்கு நீங்க பொறுப்பு. விருந்தாளின்னா அன்னிக்குப் பதினாறு பேருக்கு ரெண்டே பேர்தான் இருந்தாங்க. எதுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

"குரல ஒசத்தாத. இது நோயாளிங்க இருக்கற இடம்."

"பதினோரு நிமிஷம் ஒசத்தினேன். அப்ப யாருக்கும் கேக்கல."

க்வெண்டா இழுப்பறையைத் திறந்து ஒரு மணியை எடுத்து மேசைமேல் வைத்தார். நீலக் கயிறு புதுசு. "இந்தா, கேட்டல்ல? மாட்டிக்க. பிப்ரவரியில புதுசா வேலைக்கு எடுக்கறப்ப உன் பேரு முதல்ல இருக்கும். முதல் தலைமுறைப் பிள்ளைங்க மேல எனக்குத் தனி அக்கறை. உங்கப்பா எவ்வளவு பெருமப்படுவாரு, யோசிச்சுப் பாரு."

"எங்கப்பாவ இதுல இழுக்காதீங்க."

"கையெழுத்துப் போடலன்னா உன் எண்பது மணி நேரத்துக்கு நான் சான்று குடுக்க முடியாது. மிரட்டறேன்னு நெனைக்காத."

"நெனைக்கல. தெரியுது."

மணியைத் தொடாமல் எழுந்தாள். ஒருத்திக்கு மட்டும் கிடைக்கிற மணி மணியே இல்லை, வாயடைக்கும் கூலி.

நேராக வாசலுக்குப் போகவில்லை. ஏழாம் அறைக்குத்தான் போனாள். ஒப்படைக்காமல் போவது தப்பு. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தோடு அவளுக்குச் சண்டை இல்லை. நெவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செவிலியர் பெர்னடெட்டிடம் தாளை நீட்டினாள்.

"காலை சாப்பாடு பாதி. தண்ணி ரெண்டு டம்ளர். மக பேர முதல் தடவையா சொன்னாரு. கூப்பிட்டுப் பேசலாமான்னு சாயங்காலம் கேட்டுப் பாருங்க."

பெர்னடெட் தாளை வாங்கினாள், கண்ணை நிமிர்த்தவில்லை. "வியாழக்கிழம மருந்து அறையில இருந்தது நான்தான்டி. கதவு கனம், ஒண்ணுமே கேக்கல. அத நானே எழுதி நர்சுங்க சங்கத்துக்குக் குடுத்துட்டேன். இன்னிக்கிக் காலையில."

கீலி அவள் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் நெவில்.

"தொழிலிடப் பாதுகாப்பு ஆபீசுக்கு. புகார் குடுக்க."

"தனியாவா?"

சட்டைப்பையில் போன் துடித்தது. இதுவரை வாயே திறக்காத ஒருத்தியிடமிருந்து: 'பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறோம். மூன்று பேர். கட்டுப்போட்ட கையோடு செஃபினாவும். செஃபினாவைத் தவிர எங்களில் யாருக்கும் உன் முகம் தெரியாது, சீக்கிரம் வா.'

"இல்ல நெவில்."

வாசல் மேசைக்காரி வருகைப் பதிவைத் தள்ளினாள். "எப்பத் திரும்பி வருவேன்னு போடட்டும்?"

"எப்பன்னு தெரியாது. எல்லாரும் சேந்து வருவோம்னு போடுங்க" என்று சொல்லிக்கொண்டே கீலி கதவைத் தள்ளி ஜூன் மாதக் குளிருக்குள் இறங்கினாள்.