சாய்வெயிலில் எடுத்த படங்கள்

தெருவில் அவளுக்கு இலைக்காரம்மா என்று பெயர். பாதி கேலி, பாதி பிரியம். விடிந்தும் விடியாததுமாகக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மரத்தடியில் அண்ணாந்து நிற்கும் அறுபதை நெருங்கிய பெண்ணை வேறு என்னவென்று சொல்வது? பால் வாங்கப் போகிறவர்கள், இவள் எதையோ பார்க்கிறாளே என்று தாங்களும் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. இலைதான் இருக்கும்.

வேலை பார்த்த காலமெல்லாம் அவள் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எடுத்தாள். ஜன்னல் இல்லாத அறை, பின்னால் ஒரு நீலத் திரை, முன்னால் உயரம் சரியாக வராத ஒரு முக்காலி. "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே தட்டையாகிப் போயிருந்தது. ஃப்ளாஷ் பளீரென்று வெட்டும்போது மனிதர்கள் திருடும்போது பிடிபட்டவர்களைப் போல ஆகிவிடுவார்கள். அந்த முகம்தான் அவர்களுடைய அட்டைகளில் காலத்துக்கும் நிற்கும். வேலையை விட்ட மறுநாளே அவள் ஃப்ளாஷைக் கழற்றிப் பரணில் போட்டாள். இனி வெயிலாகப் பார்த்துக் கொடுக்கிற வெளிச்சம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். மனித முகமும் போதும் என்றாகிவிட்டது.

அவள் இருந்தது மாடியில். கீழே அக்கா, அக்காவின் மகள், மாப்பிள்ளை. அப்பா இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போன வீடு அது. கேட்டை ஒட்டித் தெருவோரத்தில் ஒரு வாதாம் மரம் நின்றது. குடையின் மேல் குடை வைத்தாற்போல் அடுக்கடுக்கான கிளைகள். இலை ஒவ்வொன்றும் இரண்டு உள்ளங்கை அகலம். உதிரப் போகும் சமயத்தில் செக்கச்செவேலென்று ஆகிவிடும். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்போது கீழேயிருந்து எடுத்தால் நரம்பு நரம்பாக, ரத்தம் ஓடுவதுபோலத் தெரியும். அந்த ஒரு மரத்தை மட்டுமே அவள் நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்திருந்தாள். மாடி ஜன்னலைத் திறந்தால் இலை கைக்கெட்டும். மேகம் விலகட்டும் என்று காத்திருப்பாள். காற்று நிற்கட்டும் என்று காத்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்.

அக்காவுக்கு இதெல்லாம் வெறும் பைத்தியக்காரத்தனம். ஒருமுறை தங்கை ஆசையாக ஒரு படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துக் கீழே போனபோது அது எண்ணெய் டின்னுக்கு அடியில் கிடந்தது. "வழுவழுன்னு இருக்குதுடி, பிசுக்கு கீழ இறங்கவே இல்ல" என்று அக்கா பாராட்டாகத்தான் சொன்னாள். தங்கை சிரித்து வைத்தாள். அப்புறம் எதையும் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட அக்கா ஒருநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, "நம்ம வாசல் மரத்தை எடுத்திருக்கியே, அதெல்லாம் காட்டேன்" என்றபோது தங்கைக்குக் கை கால் ஓடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். மழை விட்ட கையோடு எடுத்தது, பனிமூட்டத்தில் எடுத்தது, காய் உதிர்ந்தபோது எடுத்தது. அக்கா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். "ஆனா எல்லாம் ஒரே அழகா இருக்கே, திகட்டுது. பூச்சி அரிச்சது, காஞ்சுபோனதெல்லாம் எடுக்க மாட்டியா?"

தங்கை அசந்துபோனாள். அவளே பல நாள் மனதுக்குள் போட்டுப் பார்த்த யோசனை அது. இவ்வளவு நாளும் அக்காவுக்குக் கண் இல்லை என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"எடுப்பேன்க்கா. துளை விழுந்த இலையில வெளிச்சம் வேற மாதிரி வரும்."

"அடிமரத்துல ஒரு வெடிப்பு இருக்கு பாரு, அது?"

"அது பட்டையில லேசா விட்டிருக்கு, அவ்வளவுதான். உச்சி வெயில்ல எடுத்தா வெறும் கோடு. ஆனா சாயங்காலம் வெயில் பக்கவாட்டுல அடிக்கும்போது எடுத்தா, உள்ள நிழல் நிறைஞ்சு கையையே விடலாம்போல இருக்கும்."

"அப்ப சாயங்காலமே எடு" என்றாள் அக்கா.

அடுத்து வந்த நாட்கள் இப்போதும் தங்கையின் நினைவை விட்டுப் போகவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அதிகம் இல்லை. வெயில் சாயும் நேரம் பார்த்து அவள் இறங்குவாள். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மகளிடம் சொல்லி இரண்டு காபி வரவழைப்பாள். வெயில் வெடிப்பின் விளிம்பைத் தொடும் வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் இப்போது வங்கி மேனேஜர் என்று அக்கா சொல்லுவாள். இன்னும் ஒழுகுதா என்று தங்கை கேட்பாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். "பேச்சுல விட்டுடாதடி, வெயில் வந்துடுச்சு" என்று அக்காதான் ஞாபகப்படுத்துவாள்.

படங்கள் பிரமாதமாக வந்தன. துளைகள் விழுந்து வலைபோல் ஆன இலை. கிளை முறிந்த இடத்தில் கறுத்துப்போன முண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வெடிப்பு. தரையோடு குனிந்து, கன்னம் மண்ணில் படப் படுத்து எடுத்தது. அதில் மரம் இரண்டாகப் பிளந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. அக்கா கேட்டாள் என்று எல்லாவற்றையும் பெரிதாக அச்சுப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை எண்ணெய் டின் பக்கம் போகாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

போகவில்லைதான். ஒருநாள் காலை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது, மரத்தடியில் நகராட்சி ஜீப் நின்றது. பக்கத்தில் மரங்களைக் கவனிக்கிற அதிகாரி. அவர் கையில் அவளுடைய படம் இருந்தது. அந்நிய மனிதர் ஒருவர் தன் படத்தைக் கையில் வைத்து மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றதும், செருப்புகூடப் போடாமல் ஓடி இறங்கினாள்.

"இதை எடுத்தது யாருங்க?" என்றார் அதிகாரி.

"நான்தான்."

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா. எங்க ஆளுங்க எடுத்தா எல்லாம் ஒரே கறுப்பாத்தான் வரும். இந்த ஒரு படமே போதும். சீக்கிரமே ஆள் அனுப்பிடறேன்."

"எதுக்கு ஆள்?"

"வெட்டத்தான். உங்க வீட்டுலேர்ந்துதானே மனு குடுத்திருக்கீங்க?"

அக்கா கேட்டுக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் புதிதாக வாங்கிய கார், மரம் இடித்ததால் கேட்டுக்குள் திரும்ப முடியாமல் தெருமுனையில் நின்று, யாரோ ஆணியால் கீறிவிட்டுப் போன விஷயம் தங்கைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் மரத்தருகே போய் வெடிப்பில் விரலை வைத்து அழுத்தினாள். "பாருங்க சார், நகம்தான் உள்ள போகுது. இது மேல்பட்டையில வந்தது. படத்துல அப்படித் தெரியறது வெயிலால. சாயங்கால வெயில் சாஞ்சு அடிச்சா நிழல் ஆழமாக் காட்டும்."

"அப்ப படம் பொய்யிங்கறீங்களா?"

எதை வேண்டுமானாலும் விட்டுக் கொடுப்பாள், அதை மட்டும் எப்படிச் சொல்லுவாள்?

"பொய் இல்ல."

"அப்ப வெடிப்பு இருக்கு."

"இருக்கு, ஆனா..."

"அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றார் அதிகாரி. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "நாளைக்கு ஒரு கிளை முறிஞ்சு யார் தலையிலயாவது விழுந்தா, இந்தப் படத்தை வெச்சுத்தான் என்னைக் கேப்பாங்க. இதைப் பாத்தும் ஏன் விட்டேன்னா நான் என்ன சொல்றது? வெயில்னு சொல்லவா?"

ஜீப் போனபிறகு மாப்பிள்ளை நைசாக உள்ளே நழுவிவிட்டார். அக்கா மட்டும் நின்றாள்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்ச?"

"ஏன்னா கேக்கற?" அக்காவின் குரல் ஏறியது. "ஒரு இலையைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சு ஆஹாங்கற. மிச்ச இலையெல்லாம் யாருடி கூட்டினது? கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியும் நான், புருஷன் செத்து திரும்பி வந்தப்புறமும் நான். சாக்கடை அடைச்சுக்கிட்டா குச்சி விட்டுக் குத்தினது யாரு? நீ மேலேர்ந்து படம் புடிச்சிட்டு இருந்த. நான் கீழ குனிஞ்சிட்டு இருந்தேன். ஒருநாளாவது விளக்குமாத்தைத் தொட்டிருப்பியா?"

தங்கை தொட்டதில்லை. அது அவளுக்கே அந்த நிமிடம்தான் உறைத்தது. ஆனால் உறைத்ததனால் மனது இளகவில்லை.

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"

கடைசியில் அவள் கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்ததைத்தான் கேட்டாள்.

"அப்ப, படம் நல்லா இருக்குன்னு சொன்னியே... அது?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கென்னடி தெரியும். எல்லாம் இலை மாதிரிதான் இருந்துச்சு."

ஆட்கள் வந்தார்கள். மேலே ஏறி அடுக்கடுக்காகக் கழித்துக்கொண்டு வந்தார்கள். தங்கை கேமராவை எடுக்கவில்லை. ஜன்னலையும் சாத்தவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கிளை கயிற்றில் கட்டித் தொங்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடிமரம் சாய்ந்தபின் இறங்கிப் போய்ப் பார்த்தாள். வெட்டிய முகம் நடு வரைக்கும் ஈரமாக, ஒரு கறையில்லாமல் இருந்தது. "அட, உள்ள ஒண்ணுமே கெட்டுப் போகலையே!" என்றார் மாப்பிள்ளை, தர்பூசணி நல்லதாக அமைந்துவிட்ட மாதிரி. மாலையில் கார் ஒரே வீச்சில் உள்ளே திரும்பியது. அக்கா வாசலில் நின்று "லெப்டு, லெப்டு" என்று கை காட்டினாள்.

மாடி அறை அடுப்பாகிவிட்டது. வெயில் காலையிலிருந்து சுவரில் தட்டையாக விழுந்து கிடந்தது. ஒரு படத்துக்கும் உதவாத வெளிச்சம். தங்கை தடித்த திரை வாங்கி மாட்டினாள். கீழே அக்காவும் திண்டாடினாள், மத்தியானத்தில் தரையில் ஈரத் துணி விரித்துப் படுக்கிறாள் என்று மகள் வந்து சொன்னாள். அக்கா மட்டும் யார் கேட்டாலும், காற்று இப்போதுதான் தாராளமாக வருகிறது என்பாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். எதிர்வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"உங்க கைராசி தெருவே பேசுது. எங்க வாசல்ல ஒரு மரம் நிக்குது பாருங்க, ஒரே தொல்லை. நாலு படம் எடுத்துக் குடுத்தீங்கன்னா..."

"நான் எடுக்கறதில்லைங்க இப்ப."

அவர் கீழே போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். படியில் நின்றபடியே அக்கா குரல் கொடுத்தாள். "எடுத்துக் குடேன்டி. பாவம், அவங்க வீட்டுப் பொம்பளைக்கும் முழங்கால் வலி. உன்னை நாலு பேர் தேடி வர்றாங்க, அதுக்குச் சந்தோஷப்படாம எரிஞ்சு விழறியே!"

அக்கா அதை மனதாரத்தான் சொன்னாள். தங்கைக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் போய் எடுத்தாள். நிழலே இல்லாத நேரம். மரம் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நேராக நின்றது. அச்சுப் போட்டுக் கொடுத்தபோது எதிர்வீட்டுக்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அக்கா வீட்டு மரம் மாதிரி பயமா இல்லையே."

"இருக்கறதுதானே வரும்."

அவர் முகம் சுருங்கியது. "சொந்தக்காரங்களுக்குன்னா ஒண்ணு, ஊராருக்குன்னா ஒண்ணு" என்று கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவரே செல்போனில் ஏதோ எடுத்துக் கொடுத்தாராம். அந்த மரமும் போயிற்று. ரம்பச் சத்தம் கேட்டபோது தங்கை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்தாள்.

இப்போது தெருவில் யாரும் அவளை இலைக்காரம்மா என்று கூப்பிடுவதில்லை. அக்காவும் அவளும் தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்கும் நிறுத்துவதற்கும் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள் அவள் பஸ் பிடித்து, தன்னைத் தெரிந்தவர்கள் இல்லாத தெருக்களுக்குப் போகிறாள். வெளிச்சம் சரியாக வரும் வரைக்கும் நின்று ஏதாவது ஒரு மரத்தை எடுக்கிறாள். அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து, "என்னம்மா எடுக்கறீங்க? நல்லா வந்திருக்கா? காட்டுங்களேன்" என்று கேட்டால், "சரியா வரலைங்க" என்று சொல்லிக் கேமராவை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறாள்.