பதினோராம் படியில் ஒரு சிவப்பு அம்பு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. அந்தக் காற்றாடியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள். புழுக்கம்தான், எனக்கும் தெரிகிறது. கதை முடிகிற மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற வேல்விழிக்குக் காற்று பட்டால் ஆகாது. அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நாம் மட்டும் காற்று வாங்கினால் நன்றாகவா இருக்கும்? அவளுக்கு நேர்ந்ததையும், அவளோடு நின்றவர்கள் செய்ததையும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

வீரபாண்டிப் பக்கம், ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள் குடியிருக்கும் லைன் வீடு. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. குழாயடியில் வேல்விழி குனிந்து நின்றாள். நிறைகுடத்தை இடது கையால் மட்டும் இடுப்புக்கு ஏற்றுவது எப்படி என்று ஆறு மாதமாக அவள் படித்துக்கொண்டிருந்தாள். முழங்காலை முட்டுக் கொடுத்து, குடத்தின் கழுத்தில் விரல்களைக் கோத்து, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. வலது கையை நெஞ்சுக்கு முன்னால் தூக்கியே வைத்திருந்தாள், காற்றில் அகல் விளக்கைக் கொண்டுபோகிறவள் மாதிரி. குடம் தளும்பி ஒரே ஒரு சொட்டு அந்தக் கையில் தெறித்தது. கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் பல்லைக் கடித்தாள். குடத்தை மட்டும் விடவில்லை.

அவள் கணவன் மாரிச்செல்வம் சாயப்பட்டறையில் வேலை செய்பவன். நகக்கண்ணில் என்றைக்கும் ஒரு நிறம் ஒட்டியிருக்கும், அன்றைக்கு நீலம். வேலைக்குக் கிளம்பும் முன் அவன்தான் அவளுக்குத் தலை பின்னுவான்.

"சடை போடுதியளா, கயிறு திரிக்கியளா?" என்றாள் வேல்விழி.

"கயிறுதான். நீ எங்கயும் ஓடிராம கட்டிப் போடணும்லா."

இருவரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊர்ப் பேச்சு மட்டும் மாறவில்லை.

"இன்னைக்கி மொதலாளி ரூமுக்குக் கூப்பிடுவாவன்னு மேனேஜர் சுரேந்தர் சார் சொன்னாரு," என்றாள் அவள்.

அவன் சடையின் நுனியை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிக் கட்டினான்.

அவள் வேலை பார்த்த கம்பெனி பச்சைக் குழந்தைகளின் உடுப்புத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது. கீழே தையல். மாடியில் செக்கிங். கப்பலுக்குச் சரக்குப் போகிற வாரம் என்பதால் ஆறு மணிக்கே மெஷின்கள் கத்தத் தொடங்கியிருந்தன. இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியும் பறக்கிற பஞ்சும் சேர்ந்து விளக்கொளியைப் புகைமூட்டமாக்கின.

செக்கிங் வேலை தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு உடுப்பையும் விரித்து, திருப்பி, தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, கறையோ, தையல் விட்ட இடமோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய துணி முன்னே நகராது. குறையைச் சரிசெய்த பிறகுதான் அம்பை உரிப்பார்கள். பதினோரு வருஷமாக வேல்விழியின் கண்ணுக்குத் தப்பிய குறை அபூர்வம். அப்படிப்பட்டவளின் கையில் இப்போது ஒரு குறை இருந்தது; அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் அவள் விழுந்த கதை இதுதான். லிப்டில் பெட்டிகள்தான் போகும் என்பது அந்தக் கம்பெனியின் கட்டளை. தைத்த துணிக் கட்டுகளைப் பெண்கள்தான் படியேறிச் சுமக்க வேண்டும். திருப்பத்தில் பல்பு கிடையாது. பதினோராம் படியின் விளிம்பு உடைந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்த உடைசலில் கால் வழுக்கி, கட்டோடு உருண்டாள். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அவள் கண் திறந்தபோது முதலாளி பழனிமுத்துவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்முடைய வெள்ளைக் காரிலேயே அவளை ஏற்றினார். பஞ்சும் வியர்வையும் அப்பிய சேலையோடு அந்த இருக்கையில் உட்காரக் கூசி, நுனியில் ஒட்டிக்கொண்டு போனாள் வேல்விழி. கூடவே அவளுடைய தோழி ரோஸ்மேரி. முன் இருக்கையில் மேனேஜர் சுரேந்தர். ஆஸ்பத்திரி வாசலில் அவன் திரும்பிச் சொன்னான்: "வீட்டு பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிருங்க. மொதலாளிக்குத் தொந்தரவு வேண்டாம்."

அவளும் அப்படியே சொன்னாள். ரோஸ்மேரியும் ஆமாம் போட்டாள். சொந்தக் காரில் கொண்டுவந்தவரைக் காட்டிக்கொடுப்பதா என்று தோன்றியது. கம்பெனியில் விழுந்தால் கம்பெனி அதை எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பணம் கொடுக்கும் என்பதெல்லாம் அப்போது அவர்கள் நினைவில் இல்லை. ஒரு கார்ச் சவாரிக்கு நன்றியாக ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு வந்தார்கள், கண்ணுகளா.

எலும்பு முறியவில்லை. வீக்கம் வற்றியது. எரிச்சல் மட்டும் வற்றவில்லை. நாளாக நாளாகக் கையின் நிறம் மாறியது. சில நாள் செம்பு, சில நாள் சாம்பல். காற்றாடிக் காற்று பட்டால் தோலை உரிப்பதுபோல் இருக்கும். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்புக்கு ஒரு சோதனை செய்தார்கள். எல்லாம் நார்மல். ஒரு டாக்டரம்மா மட்டும் உண்மையைச் சொன்னார்: "உனக்கு வலி இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. காயம் ஆறிருச்சு, நரம்பு மட்டும் இன்னும் விழுந்துகிட்டே இருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல."

தெரியாது என்று ஒருவர் சொன்னதற்காக அன்று வேல்விழி அழுதாள். அதுவரை அவளை நம்பியவர்கள் அவ்வளவு குறைவு. இதற்கிடையில் கம்பெனி அவளை உதவியாளாக இறக்கி, கூலியையும் குறைத்திருந்தது.

மாரிச்செல்வம் தலை பின்னிவிட்ட அந்தப் புதன்கிழமை முதலாளி அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. காற்று வராத மூலையாகப் பார்த்து நின்றாள்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. கை எப்படிங்க இருக்குது?"

"எரியுது மொதலாளி. அடுப்புக்குள்ள வச்ச மாரி."

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லீங்களாமே. நாஞ் சொல்லலீங்க, காயிதம் சொல்லுது. நானுங்கூட தையக்காரனுக்குப் பக்கத்துல நின்னு துணி மடிச்சுக் குடுத்து, கைமடிச்சு மேல வந்தவந்தான். எனக்கும் முதுகு வலிக்குது. வலின்னு சொல்லிட்டு உக்காந்தா இந்தக் கம்பெனி ஓடுங்களா?"

மேசையில் ஒரு தாள் கிடந்தது. வீட்டில் விழுந்ததால் வேலை செய்ய இயலவில்லை, என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், கம்பெனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது.

"வெள்ளிக்கிழமை சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்க கம்பெனியச் சோதிக்க ஆடிட்டுக்கு வர்றாங்க. பைல் சுத்தமா இருக்கோணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு கையெழுத்துங்க, அவ்வளவுதான்."

"படியிலதான விழுந்தேன் மொதலாளி."

பழனிமுத்து சிரித்தார். அவர் குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரியில வீடுன்னு சொன்னது நீங்கதானுங்க. சாட்சி உங்க ரோஸ்மேரி. இப்ப மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் பொய் சொன்னவங்க ஆயிருவீங்க. அப்புறம் இந்த ரோட்டுல எந்தக் கம்பெனிக்காரன் கதவத் தொறப்பான்?"

பிறகு அவர் ஒன்று செய்தார். மேசைமேல் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு குழந்தைச் சட்டையை எடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எழுந்து வந்து, மிகவும் மெதுவாக, அதை அவளுடைய வலது கையின்மேல் போர்த்தினார்.

"பூவாட்டம் இருக்குது பாருங்க. பொறந்த கொழந்த போடறது. இது பட்டா எரியுதுன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?"

தணலை அள்ளிக் கொட்டியது போலிருந்தது. பல் நறநறத்தது, கண்ணில் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தினால் நடிப்பு என்பார். கத்தாவிட்டால் வலியே இல்லை என்பார். அவள் கத்தவில்லை.

"பார்த்தீங்களா," என்றார் அவர், சட்டையை மடித்துக்கொண்டே. "ஒண்ணுமே ஆகலை."

வியாழக்கிழமை விடிந்தபோதே வேல்விழிக்கு மனசு சரியில்லை. கை வழக்கத்துக்கு மேல் எரிந்தது. கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிடலாம், ரோஸ்மேரியாவது பிழைக்கட்டும் என்று தீர்மானித்திருந்தாள். ரோஸ்மேரிக்குக் கணவன் இல்லை; அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன.

"ஏட்டி, என் பேரச் சொல்லி நீ கையெழுத்துப் போட்டா ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்றாள் ரோஸ்மேரி. சொல்லும்போதே அவள் குரலில் பயம் இருந்தது. இருவருக்கும் அது கேட்டது.

பஞ்சு கூட்டுகிற மயிலாள் துடைப்பத்தோடு அங்கேயே நின்றாள். உள்ளூர்க்காரி, அறுபதை எட்டியவள். "பதனோராம் படி ஒருத்தியோட நிக்காது கண்ணு," என்றாள். "தெனமும் கூட்டறேன். அது வாயத் தொறந்துட்டே கெடக்குது."

பகல் பதினோரு மணி இருக்கும். மெஷின் சத்தத்தையும் மீறி அந்தச் சத்தம் வந்தது. முதலில் துணிக் கட்டு விழும் மொத்தென்ற ஓசை. பிறகு, அதைவிடக் கனமான ஒன்று. வேல்விழிக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஓசையை அவள் உடம்பே அறிந்திருந்தது.

ஒடிசாவிலிருந்து வந்திருந்த சஞ்சுக்தா படியடியில் கிடந்தாள். கணுக்கால் கோணியிருந்தது. "அக்கா, கால்… கால் பிடிக்கலே," என்று தனக்குத் தெரிந்த தமிழில் முனகினாள்.

சுரேந்தர் ஓடிவந்தான். சுற்றிலும் பார்த்தான். பிறகு ரோஸ்மேரியிடம் குனிந்து சொன்னான்: "மொதலாளி கார் வருது. கூடப் போங்க. ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு சொல்லிருங்க."

அதே வாய். அதே வார்த்தை. ரோஸ்மேரி நிமிர்ந்து வேல்விழியைப் பார்த்தாள். வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்று, கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது.

வேல்விழி செக்கிங் மேசைக்குப் போய் ஸ்டிக்கர் சுருளை எடுத்து வந்தாள். பதினோராம் படியில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு சிவப்பு அம்பை உரித்து, உடைந்த விளிம்பைக் காட்டி ஒட்டினாள். பதினோரு வருஷமாகச் செய்த அதே வேலைதான். அடுத்த அம்பை வலது முழங்கைக்கு மேலே, ஜாக்கெட் கையில், கீழ்நோக்கி ஒட்டிக்கொண்டாள்.

மயிலாள் துடைப்பத்தைப் போட்டாள். "எனக்கொண்ணு குடு கண்ணு," என்று வாங்கி, முழங்காலுக்கு நேரே சேலையில் ஒட்டினாள். "என்ற முட்டிக்கு எந்த ஸ்கேனும் எடுக்கல." இஸ்திரி போடும் ஒருத்தி தோளில் ஒட்டினாள். பிறகு யார் வாங்கினார்கள், யார் ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. இடுப்பு, கழுத்து, மணிக்கட்டு. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓசை அடங்கிய அந்தக் கூடம் பயமாக இருந்தது. பெண்கள் படிக்கு ஒருத்தியாக மேலிருந்து கீழ்வரை உட்கார்ந்தார்கள்.

"ஆட்டோல போவோம்ட்டி," என்று ரோஸ்மேரி சஞ்சுக்தாவைத் தூக்கி நிறுத்தினாள். "கார் வேண்டாம் சார். அதுல ஏறுனா நெசம் வாயில வராது."

பழனிமுத்து வந்தார். அம்புகளைப் பார்த்தார்.

"என்னங்க இது. நாளைக்கு ஆடிட்டு. எந்திரிங்க. அந்த ஸ்டிக்கர மொதல்ல எடுங்க."

"அம்பு ஒட்டுன பீஸ, சரி பண்ணாம எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான மொதலாளி சொல்லிக் குடுத்திய," என்றாள் வேல்விழி.

"அந்தத் தாள்?"

"போட மாட்டேன்."

"எல்லாத்தையும் வெளிய அனுப்பிருவேனுங்க."

"அனுப்புங்க சாமி," என்றாள் மயிலாள். "நாளைக்கு அவிய வந்தா கூட்டற வேலையும் நீங்களே பாத்துக்குங்க. தொடப்பம் அங்க இருக்குது."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "பேரெல்லாம் எழுதுங்க," என்று சுரேந்தரிடம் மெல்லச் சொன்னார். அவன் நோட்டோடு கடைசிப் படியிலிருந்து தொடங்கினான். வெளியே கேட்டை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குள் ரோஸ்மேரியும் சஞ்சுக்தாவும் ஏறிய ஆட்டோ போய்விட்டிருந்தது. கார் மட்டும் திறந்த கதவோடு, உள்ளே யாருமில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது.

ஒரு மணி நேரம் கழித்து வேல்விழியின் போன் அடித்தது.

"சொல்லிட்டோம்ட்டி," என்றாள் ரோஸ்மேரி. மூச்சு வாங்கியது. "கம்பெனிப் படின்னு சொன்னோம். ஆஸ்பத்திரியில எழுதிக்கிட்டாவ. ஒன் கதையவும் சொல்லிட்டேன். நீயும் வந்து எழுதிக் குடுக்கணுமாம். அன்னைக்கி நாம சொன்னது பொய்யின்னு நான் சாட்சி போடுதேன். வேல போனா ரெண்டு பேருக்கும் போவட்டும்."

வேல்விழி போனை மடியில் வைத்தாள். கை எரிந்துகொண்டுதான் இருந்தது. நாளைக்கும் எரியும். கேட் பூட்டியிருந்தது; நோட்டில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன; நாளை விடிந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. படிக்கட்டுக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கையை மாராப்புக்குள் ஒளித்துக்கொள்வதை மயிலாள் பார்த்தாள்.

"காத்தா கண்ணு?"

வேல்விழி தலையாட்டினாள். மயிலாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் காற்றாடியை நிறுத்தினாள். அந்தப் புழுக்கத்தில் முப்பது பெண்கள் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஏன் நிறுத்தினாய் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. இனிக் காற்றாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் படிகள் உடையாதிருக்கட்டும். திருப்பத்தில் வெளிச்சம் இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் போன உடம்போடு திரும்பி வரட்டும். கண்ணுக்குத் தெரியாத வலி உங்கள் வீட்டில் யாருக்கேனும் வந்தால், எங்கே வலிக்கிறது என்று கேட்க ஒரு வாயும், எழுந்துபோய்க் காற்றை நிறுத்த ஒரு கையும் பக்கத்திலேயே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.